இரண்டு முறை போனேன், அவர் ஒன்றுமே சொல்லவில்லை: கவுன்சலிங்கை நிறுத்திவிடலாமா?

கரூரிலிருந்து 36 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஏற்றுமதித் துணி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் அவருக்கு வேலை. கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று ஐந்து பேர் கொண்ட வீடு. எட்டு மாதங்களாக, தூக்கத்தின் நடுவே நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப்போய், ‘உயிர் போகப்போகிறது’ என்ற பயத்தோடு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். இரண்டு முறை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். ஈ.சி.ஜி., எக்கோ, தைராய்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாகவே இருந்தன. பார்த்த மருத்துவர், திருச்சியில் உள்ள ஒரு பெண் உளவியலாளரிடம் அனுப்பிவைத்திருக்கிறார்.

இரண்டு அமர்வுகள் முடிந்துவிட்டன. வாசகிக்கு மனம் விட்டுப்போயிற்று. ‘அவர் கேள்வி கேட்டுக்கொண்டே எழுதினார். நான் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. படபடப்புக்குப் போனால் பள்ளிக்கூடம், அம்மா, அப்பா என்று பழங்கதையைக் கேட்கிறார். இரண்டாவது தடவை அழுதுவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் முன்பைவிட மோசமாக இருந்தேன். அந்தப் பெண்ணுக்கு இருபத்தெட்டு வயதுகூட இருக்காது, கல்யாணமும் ஆகவில்லை போலிருக்கிறது. குடும்பக் கஷ்டம் அவருக்கு என்ன புரியும்? ஒரு தடவைக்கு 1,200 ரூபாய், பஸ் செலவு, அரைநாள் சம்பள இழப்பு. என் கணவரோ, அங்கே என் அம்மாவைப் பற்றி என்ன சொன்னாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்த உளவியலாளர் ஒரு நோட்டில் எழுதிவரச் சொன்னார், நான் எழுதவில்லை. எழுதாமல் எப்படிப் போவது என்று வெட்கமாக இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா போடுகிற மாத்திரையைப் போட்டால் தூக்கமாவது வரும். நிறுத்திவிடலாமா?’ இதுதான் கடிதத்தின் சாரம்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் ஆறு பக்கம். எங்கே வலிக்கிறது, எங்கே ஏமாற்றம், எங்கே கோபம் என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். படித்து முடித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இதை முதலில் கேட்டிருக்க வேண்டியவர் திருச்சியில் இருக்கிறார். நான் உங்களைப் பார்த்ததில்லை, உங்கள் குரலைக் கேட்டதில்லை. உங்கள் நோய்க்கு ஒரு கடிதத்தை வைத்துப் பெயர் சூட்டவும் மாட்டேன். ஆனால் பேச்சுவழிச் சிகிச்சையில் என்ன நடக்கும், என்ன நடக்காது, எதை நீங்கள் கேட்டு வாங்கலாம் என்று சொல்ல முடியும். அதைத் தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுங்கள்.

முதல் அமர்வுகளில் ஏன் பதில் கிடைப்பதில்லை?

நாம் கவுன்சலிங் என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவர் ஒருவர் புத்திமதி சொல்வதைத்தான் எதிர்பார்க்கிறோம். பிரச்சினையைச் சொன்னால் தீர்ப்பு வரும், ‘இப்படி இரு, அப்படி இராதே’ என்று நாலு வார்த்தை வரும் என்று நினைக்கிறோம். அந்த நாலு வார்த்தை உங்களுக்கு ஏற்கெனவே வீட்டிலும் அலுவலகத்திலும் ஏராளமாகக் கிடைத்திருக்கிறது. ‘மனசைத் தைரியமாக வைத்துக்கொள்’, ‘எதையும் யோசிக்காதே’, ‘நல்ல காலம் வரும்’. அதில் எதுவும் இரவு இரண்டு மணிக்கு உதவவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மருத்துவ உளவியல் படித்தவர்கள் தொடக்கத்தில் ஒன்று முதல் மூன்று அமர்வுகளை விவரம் சேகரிக்கத்தான் எடுத்துக்கொள்வார்கள். எப்போது தொடங்கியது, அதற்கு முன்பு வீட்டில் என்ன நடந்தது, தூக்கம், பசி, மாதவிடாய், வேறு நோய்கள், போடுகிற மாத்திரைகள், குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், படித்த காலம், திருமணம், வேலை. ‘உயிரோடு இருக்க வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா?’ என்றும் கேட்பார்கள். உங்களிடமும் கேட்டதாகவும், அது உங்களைச் சுட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பார்த்து ஏதோ சந்தேகப்பட்டுக் கேட்டதல்ல அது. வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி. கேட்பதால் அந்த எண்ணம் யாருக்கும் புதிதாக முளைத்துவிடாது. மனதில் வைத்துத் தவிப்பவருக்கு அதைச் சொல்ல ஒரு வழி திறக்கும்.

ஓர் அமர்வு 45 முதல் 60 நிமிடம் வரை இருக்கும். ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒரு முறை. உங்களுக்கு நடந்த இரண்டு அமர்வுகள் இந்த விவரச் சேகரிப்புதான் என்று ஊகிக்கிறேன். ஆனால் உங்கள் உளவியலாளரிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ‘முதல் இரண்டு மூன்று முறை நான் கேட்டுத் தெரிந்துகொள்வேன், அதன் பிறகு என்ன செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து திட்டமிடுவோம்’ என்று தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. சொல்லாததால் நீங்கள் வெறுங்கையோடு திரும்பியதாக நினைத்தீர்கள்.

பின்குறிப்பில் இருந்த அப்பா

கடிதத்தின் கடைசியில், கையெழுத்துக்குக் கீழே, இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்பா 38 வயதில் மாரடைப்பில் இறந்துபோனார், ராத்திரி, வீட்டில், உங்களுக்கு அப்போது பதினொரு வயது. ‘இதை அங்கே சொல்லவில்லை, அப்பா இல்லை என்று மட்டும் சொன்னேன், இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லைதானே?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

சம்பந்தம் இருக்கிறது என்று நான் இங்கே உட்கார்ந்து அறிவித்தால் அது பொறுப்பற்ற செயல். ஆனால் நெஞ்சு படபடப்புக்காகப் போனவரிடம் ஏன் அப்பாவைப் பற்றிக் கேட்கிறார்கள் என்ற உங்கள் கேள்விக்கு, இந்த இரண்டு வரியைவிட நல்ல விடையை என்னால் தர முடியாது. எங்கள் அறைகளில் இது அடிக்கடி நடக்கும். ஐம்பது நிமிடம் வேறு எதையோ பேசிவிட்டு, செருப்பை மாட்டும்போது, ‘ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்’ என்று தொடங்குவார்கள். பெரும்பாலும் அதுதான் பேச வந்த விஷயமாக இருக்கும்.

இதை இரண்டு பேரிடம் சொல்லுங்கள். முதலாவது ஆள் உளவியலாளர். இரண்டாவது, உங்கள் இதயத்தைப் பரிசோதித்த மருத்துவர். தந்தைக்கு 55 வயதுக்கு முன்பே இதய நோய் வந்திருந்தால், பிள்ளைகளின் இதய நலத்தைக் கணக்கிடும்போது மருத்துவர்கள் அதைச் சேர்த்துக்கொள்வார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு அளவு ஆகியவற்றை ஒழுங்காகப் பார்த்துவரச் சொல்லக்கூடும். இப்போது எடுத்த பரிசோதனைகள் சரியாக இருப்பதால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய செய்தி இது. நடக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சு வலி வந்தாலும், வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலும், மயங்கி விழுந்தாலும் அதை மனம் சம்பந்தப்பட்டது என்று தள்ளிவிடாமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

இனிமேல் என்ன நடக்கலாம்?

நீங்கள் விவரித்திருப்பது பீதித் தாக்கு என்று நாங்கள் சொல்வதைப் பெரிதும் ஒத்திருக்கிறது. உங்கள் உளவியலாளரும் அதே முடிவுக்கு வந்தால், அவர் எடுக்கக்கூடிய வழி என்னவென்று சொல்கிறேன். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று அதற்குப் பெயர், ‘சி.பி.டி.’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

பீதித் தாக்கில் ஒரு சுழற்சி இருக்கிறது. நெஞ்சு ஒரு முறை வேகமாக அடிக்கிறது. ‘இது மாரடைப்பு’ என்று மனம் சொல்கிறது. அந்தப் பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. மூச்சை வேகமாக இழுத்து இழுத்து விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறைகிறது. விரல் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் அதனால்தான். அவற்றை உணர்ந்ததும், ‘பார், உடம்பே செயலிழக்கிறது’ என்று பயம் உறுதியாகிவிடுகிறது. இத்தனையும் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், எதுவும் செய்யாவிட்டாலும் தானே வடியும். ஆனால் யாரும் ‘எதுவும் செய்யாமல்’ இருப்பதில்லை. தண்ணீர் குடிக்கிறோம், நாடி பிடித்துப் பார்க்கிறோம், கணவரை எழுப்புகிறோம், ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். ‘இதைச் செய்ததால்தான் பிழைத்தேன்’ என்று மனம் எழுதிவைத்துக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வருகிறது.

நீங்கள் இப்போது தனியாக பஸ்ஸில் போவதில்லை என்றும், அலுவலகத்தில் லிப்டைத் தவிர்க்கிறீர்கள் என்றும், ஒரு நாளைக்குப் பலமுறை மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்க்கிறீர்கள் என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சிகிச்சை வேலை செய்யப்போவது இங்கேதான். அவர் நோட்டில் எழுதிவரச் சொன்னதும் இதற்காகத்தான். எந்த நேரம், எங்கே இருந்தேன், உடம்பில் என்ன, அப்போது மனதில் ஓடிய வாக்கியம் என்ன, உடனே என்ன செய்தேன். ஒரு வாரம் எழுதினால் உங்கள் பயத்தின் ஒழுங்கு உங்களுக்கே தெரியும்.

பிறகு சோதனைகள் வரும். அவருடைய அறையிலேயே, அவர் பக்கத்தில் இருக்க, ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகமாக மூச்சு விடச் சொல்வார். நின்ற இடத்தில் ஓடச் சொல்வார். சுழலும் நாற்காலியில் சுற்றச் சொல்வார். இரவில் உங்களை எழுப்புகிற அதே படபடப்பும் அதே மரத்துப்போதலும் பகலில் வரும், நீங்கள் சாக மாட்டீர்கள், சில நிமிடங்களில் அடங்கும். ‘பயப்படாதே’ என்று நூறு பேர் சொல்லியும் நம்பாத உடம்பு, தானே பட்டுப் பார்த்ததும் நம்பத் தொடங்கும். அடுத்து லிப்டில் ஒரு மாடி, தனியாக பஸ்ஸில் இரண்டு நிறுத்தம், இரவில் நாடி பார்க்காமல் பத்து நிமிடம் என்று படிப்படியாக. நீச்சல் கற்பதைப் போல இது. கரையில் நின்று எவ்வளவு கேட்டாலும் தண்ணீரில் இறங்கினால்தான் வரும். அமர்வுக்கும் அமர்வுக்கும் நடுவில் நீங்கள் செய்து பார்ப்பதில்தான் பாதிக்கு மேற்பட்ட பலன் இருக்கிறது என்பது என் கருத்து.

எத்தனை அமர்வு? பிரிட்டனின் ‘நைஸ்’ என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு, பீதி நோய்க்கு இந்தச் சிகிச்சையை மொத்தம் 7 முதல் 14 மணி நேரம் அளிக்கச் சொல்கிறது. பெரும்பாலோருக்கு நான்கு மாதத்துக்குள் முடிய வேண்டும் என்கிறது. ஆக, ஆயுள் முழுக்கப் போய்க்கொண்டிருக்க வேண்டுமோ என்ற பயம் வேண்டாம். இரண்டே தடவையில் தீர்ந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் வேண்டாம். உங்கள் அப்பாவின் மரணம் போன்றவற்றைப் பேச வேண்டியிருந்தால் இன்னும் சில அமர்வுகள் கூடலாம்.

உங்கள் உளவியலாளர் வேறு முறையில் பயிற்சி பெற்றவராகவும் இருக்கலாம். உறவுகளையும் பழைய அனுபவங்களையும் முதன்மையாக வைத்துப் பேசுகிற முறைகளும் இருக்கின்றன, அவையும் உதவுகின்றன. எதுவானாலும் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். என் பிரச்சினையை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள்? எந்த முறையில் சிகிச்சை தரப்போகிறீர்கள்? ஏறத்தாழ எத்தனை அமர்வு? குணமாகிறதா என்பதை எதை வைத்துப் பார்ப்போம்? இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். நல்ல உளவியலாளருக்கு இந்தக் கேள்விகள் கோபமூட்டாது.

அழுத பிறகு ஏன் மோசமானது?

வருடக்கணக்காக யாரிடமும் பேசாததைப் பேசினால் அன்று இரவு மனம் கனத்துப்போவது இயல்பு. தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை, வீட்டில் ஒரு சண்டை என்று ஓரிரு நாள் போகலாம். பிறகு அடங்கும். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: அமர்வு முடிந்த கையோடு ஓடிப்போய் பஸ் ஏறாதீர்கள். வரவேற்பறையில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். ‘கடைசிப் பத்து நிமிடத்தை மனம் சமநிலைக்கு வர ஒதுக்குங்கள்’ என்று அவரிடமே கேளுங்கள். சொல்ல விரும்பாததைச் சொல்லாமல் இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ‘இதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்’ என்றால் அவர் நிறுத்த வேண்டும்.

ஆனால் மோசமாவதெல்லாம் நல்லதற்கே என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. பேச்சுவழிச் சிகிச்சையால் சிறு பகுதியினருக்கு நிலைமை மோசமாவதும் உண்டு. ஐந்து முதல் பத்து சதவீதம் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். நான்கைந்து வாரம் கழித்தும் ஒவ்வோர் அமர்வுக்குப் பிறகும் சரிந்துகொண்டே போனால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். வேகத்தைக் குறைக்கலாம், முறையை மாற்றலாம், ஆளையே மாற்றலாம்.

அவருடைய வயது

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. நம் ஊரில் குடும்பத்தைப் பற்றிப் பேச, குடும்பம் நடத்தியவர்தான் தகுதியானவர் என்று நினைக்கிறோம். ஆனால் நீங்கள் அவரிடம் போயிருப்பது மாமியாரோடு எப்படிப் பழகுவது என்று கற்றுக்கொள்ள இல்லை. பீதியின் சுழற்சியை உடைக்கத் தெரிந்தவரா என்பதுதான் கேள்வி. அதற்கு வயதைவிடப் பயிற்சி முக்கியம். நம் நாட்டில் மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பலர் முதுநிலைப் படிப்புக்குப் பிறகு இரண்டு ஆண்டு எம்.பில். முடித்து, மூத்தவர்களின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துத் தேறியவர்கள். அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது அவமரியாதை இல்லை. கவுன்சலர் என்று பலகை மாட்ட யாராலும் முடிகிற நிலை இன்னும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

‘நீங்கள் என்னைவிடச் சின்னவர், என் நிலைமை உங்களுக்குப் புரியுமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது’ என்று அவரிடம் சொல்ல முடியுமா? முடிந்தால் சொல்லிவிடுங்கள். அவர் முகம் சுளிக்காமல், தன்னைத் தற்காத்துக்கொள்ளாமல், ‘எந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை என்று தோன்றியது?’ என்று கேட்டால் நீங்கள் சரியான ஆளிடம் வந்திருக்கிறீர்கள். எந்த முறை சிகிச்சையானாலும் இருவருக்கும் இடையில் ஏற்படுகிற நம்பிக்கை வலுவாக இருந்தால் பலன் கூடுகிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த உண்மை. அந்த நம்பிக்கை இப்படிக் கேட்கக் கூச்சமான கேள்விகளைக் கேட்டுத்தான் வளரும். நோட்டில் எழுதாததையும் இப்படியே சொல்லுங்கள். அவர் உங்கள் டீச்சர் இல்லை. ஏன் எழுத முடியவில்லை என்பதுகூட அவருக்குத் தேவையான செய்திதான்.

கணவரின் கேள்வியும் உங்கள் ரகசியமும்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சிகிச்சை பெறுகிறவரின் ரகசியத்தைச் சட்ட உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. நீங்கள் வயதுவந்தவர். உங்கள் அனுமதி இல்லாமல், நீங்கள் பேசியதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை கணவருக்கு இல்லை. அவர் உளவியலாளருக்குப் போன் செய்து கேட்டாலும் சொல்லக் கூடாது. விதிவிலக்குகள் சில உண்டு: உங்கள் உயிருக்கு ஆபத்து, உங்களால் மற்றவருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு, உங்களுக்குச் சிகிச்சை தரும் வேறு மருத்துவருக்குத் தேவைப்படுவது போன்றவை. இவற்றை உளவியலாளரே உங்களுக்கு விளக்க வேண்டும். உங்கள் மருத்துவப் பதிவைப் பார்க்கும் உரிமையையும் அதே சட்டம் உங்களுக்குத் தருகிறது.

அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொன்னால் ஒழியத் தெரியாது. மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு அளிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் நடைமுறையில் பல பாலிசிகள் ஆஸ்பத்திரியில் தங்கிப் பெறும் சிகிச்சைக்குத்தான் பணம் தருகின்றன. வந்துபோகும் கவுன்சலிங்குக்குத் தருகிறார்களா என்று பாலிசியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வீட்டு விஷயத்தை வெளியில் சொல்வது துரோகம் என்ற உறுத்தல் உங்களுக்கே இருக்கிறது, கணவரின் கேள்வி அதைக் கிளறிவிடுகிறது. மாமியாரைப் பற்றி நீங்கள் அங்கே வருத்தப்பட்டுப் பேசினால் அவர் மீது யாரும் வழக்குப் போடப்போவதில்லை. உளவியலாளர் யார் பக்கமும் தீர்ப்பு எழுதப்போவதில்லை. உங்களுக்கு எது எப்படி இருந்தது என்பதை மட்டும்தான் அவர் கேட்கிறார். கணவரிடம், ‘அங்கே பேசுவதை அங்கேயே விட்டுவிட்டு வந்தால்தான் என்னால் மனம்விட்டுப் பேச முடியும். உங்கள் உதவி தேவைப்படும்போது நானே அழைத்துப்போகிறேன்’ என்று சொல்லிப்பாருங்கள். அவர் உங்களை அதட்டுகிறாரா, அஞ்சுகிறாரா என்பது கடிதத்தில் தெளிவாக இல்லை. இரண்டு முறை நள்ளிரவில் மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடிய மனிதர் அவர், பயமும் இருக்கும். நீங்கள் விரும்பினால், உங்கள் முன்னிலையிலேயே அவரை ஓர் அமர்வுக்கு அழைத்து, இரவில் பீதி வரும்போது பதறாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி என்று கற்றுத்தரச் சொல்லலாம். விருப்பம் உங்களுடையது. கேள்வி மிரட்டலாகவோ அடியாகவோ மாறினால் அது வேறு பிரச்சினை. அதையும் உளவியலாளரிடம் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181 எந்த நேரமும் இயங்குகிறது.

பக்கத்து வீட்டு மாத்திரை

தயவுசெய்து வேண்டாம். அல்பிரசோலம் என்று நீங்கள் எழுதியிருக்கும் பெயர், அரை மணி நேரத்தில் பதற்றத்தை அடக்கிவிடும் மாத்திரை. அதனால்தான் விட முடியாமல் போகிறது. பழகிப்போனால் அளவு கூடும். திடீரென்று நிறுத்தினால் பதற்றம் இரட்டிப்பாகத் திரும்பும். பீதி நோய்க்கு இந்த வகை மாத்திரையைக் கொடுக்க வேண்டாம் என்று நான் மேலே சொன்ன பிரிட்டன் வழிகாட்டுதலே சொல்கிறது. உங்கள் பக்கத்து வீட்டு அக்கா நீண்ட நாளாகப் போடுகிறார் என்றால் அவரும் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைப்பது நல்லது.

மருந்தே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகள் பீதி நோயில் நன்றாக உதவுகின்றன. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், அல்பிரசோலத்தைப் போல அடிமையாக்குவதில்லை, ஆனாலும் மருத்துவர் சொல்லாமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. அவற்றை எழுதித் தரும் தகுதி மனநல மருத்துவருக்கு உண்டு. உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். இரண்டு சிகிச்சையையும் சேர்த்தும் எடுக்கலாம். தூக்கமே இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்ற நிலை வந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பணமும் பயணமும்

பன்னிரண்டு அமர்வு என்று வைத்தால் 14,400 ரூபாய், பயணமும் சம்பள இழப்பும் தனி. உங்கள் குடும்பத்துக்கு இது பெரிய தொகை. கட்டணத்தைப் பற்றிக் கூச்சப்படாமல் பேசுங்கள், பலர் குறைத்துக்கொள்கிறார்கள். முதல் ஐந்தாறு அமர்வுகளுக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று தள்ளலாம். சிலவற்றை வீடியோவில் வைத்துக்கொள்ளலாம், வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இருந்தால். நேரில் செய்ய வேண்டிய பயிற்சிகளுக்கு மட்டும் திருச்சி போனால் போதும்.

அதுவும் முடியாவிட்டால், கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். கட்டணம் இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு பற்றியும் அங்கேயே விசாரிக்கலாம். கூட்டம் அதிகம் என்பதால் ஒருவருக்கு ஒரு மணி நேரம் கிடைப்பது அரிது. அதற்காக அங்கே தரமில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அனுபவம் மிகுந்தவர்கள் பலர் அரசு மருத்துவமனைகளில்தான் இருக்கிறார்கள்.

எப்போது விலகலாம்?

இன்னும் மூன்று அமர்வு போய்ப் பாருங்கள் என்பது என் யோசனை. மேலே சொன்ன கேள்விகளுக்கு அவரிடம் தெளிவான விடை இல்லை, திட்டம் எதுவும் தெரியவில்லை, நீங்கள் சொன்னது அவர் காதில் விழவே இல்லை என்று அப்போதும் தோன்றினால் வேறொருவரிடம் போங்கள். நன்றிகெட்டத்தனம் ஆகிவிடாது. மருந்துக் கடையை மாற்றினால் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லையே. முடிந்தால் ஒரு கடைசி அமர்வில் சொல்லிவிட்டு விலகுங்கள். அடுத்தவருக்கு ஒரு குறிப்பும் கேட்டு வாங்கலாம்.

சில விஷயங்களில் மூன்று அமர்வு காத்திருக்கவே வேண்டாம். வேறு நோயாளிகளின் பெயரைச் சொல்லிக் கதை பேசுகிறவர், கடன் கேட்கிறவர், பரிகாரமோ பொருளோ விற்கிறவர், சாதியையும் சம்பாத்தியத்தையும் வைத்து மட்டம் தட்டுகிறவர், ‘நூறு சதவீதம் குணமாகும்’ என்று உறுதி தருகிறவர், வெளியே சந்திக்கலாம் என்கிறவர், தொடுகிறவர் – இப்படி யாராக இருந்தாலும் அன்றே எழுந்து வந்துவிடுங்கள். பாலியல் நோக்கத்தோடு அணுகுவது எந்தச் சூழலிலும் சிகிச்சை ஆகாது; புகார் செய்ய வேண்டிய குற்றம் அது. உங்கள் கடிதத்தில் இவற்றின் சாயல்கூட இல்லை. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படலாம் என்பதற்காக எழுதுகிறேன்.

அடுத்த சனிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ரத்து செய்யாதீர்கள். எனக்கு எழுதிய கடிதத்தின் நகல் உங்களிடம் இருந்தால் அதையே எடுத்துக்கொண்டு போங்கள். வாய் திறந்து சொல்ல வராவிட்டால் அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், அந்தப் பின்குறிப்பு உட்பட. அதற்குள் ஏதாவது ஓர் இரவில் தாங்க முடியாமல் போனால், 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசுச் சேவை அது. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.